ஸ்கேன் எழுதித் தந்துவிட்டார்கள், இனி எங்கே?

பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோடு இந்தியா போன சொந்தக்காரர் இல்லாத குடும்பம் குறைவு. கூடலூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ போனில் பேசுகிற அத்தை, "ஸ்கேன் எடுக்கணுமா? காப்பீட்டு அட்டை எடுக்கிற ஆஸ்பத்திரியாப் பார்த்துப் போம்மா" என்பார். அவர் இருக்கும் இடத்துக்கு அது சரியான புத்திமதி. தமிழ்நாட்டில் 2009இல் அரசுக் காப்பீட்டுத் திட்டம் வந்ததிலிருந்து, எந்த ஆஸ்பத்திரி அட்டையை ஏற்கும், எது ஏற்காது என்று விசாரித்துப் போவது அங்கே வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவிலும் அரசாங்கக் காப்புறுதியை ஏற்கிற ரேடியோலொஜிஸ்டைத் தேடிப் பிடிப்பது தனி வேலை.

அந்தக் கேள்வி இப்போது நம்மிடமும் வந்திருக்கிறது. "அரசாங்கக் காப்புறுதிக்கு ஸ்கேன் பார்க்கிற டொக்டர் இரத்தினபுரியில் யார்?" என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இலங்கையில் எல்லோருக்குமான அரசாங்க மருத்துவக் காப்புறுதி அட்டை என்று ஒன்று கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் எடுக்கும் எக்ஸ்ரேக்கும் ஸ்கேனுக்கும் காசும் கிடையாது. 1971இல் ஓ.பி.டி. என்கிற வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் வாங்கத் தொடங்கினார்கள். 1977இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே இங்கே உங்களுக்கு வேண்டியது ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு துண்டு. காப்புறுதி என்ற பேச்சு தனியார் நிலையத்துக்குப் போகும்போதுதான் வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்ரே அறையில் உங்களை நிற்க வைத்து, தோளைத் திருப்பி, படம் எடுப்பவர் ரேடியோகிராபர். அவர் டொக்டர் அல்ல. படத்தில் என்ன தெரிகிறது என்று அவரிடம் கேட்டால் பதில் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. படத்தைப் பார்த்து இன்ன நோய், இன்ன இடம், இவ்வளவு பெரிது என்று எழுதித் தருபவர் ரேடியோலொஜிஸ்ட், தமிழில் கதிரியல் நிபுணர். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவகத்தில் பல வருடம் பயின்று எம்.டி. வாங்கியவர். வயிற்று ஸ்கேன் என்றால் பெரும்பாலும் அவரே கருவியைக் கையில் பிடித்துப் பார்ப்பார். சி.டி., எம்.ஆர்.ஐ. என்றால் நீங்கள் அவரைக் காணாமலே வீட்டுக்கு வந்துவிடலாம். உங்கள் படம் மட்டும் அவருடைய கணினிக்குப் போகும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ரேடியோலொஜிஸ்டை நீங்கள் தேடிப் போவதில்லை. வேறொரு டொக்டர்தான் உங்களை அவரிடம் அனுப்புகிறார். அனுப்புகிற அந்த டொக்டரிடம் எப்படிப் போவது, அவர் கையால் என்ன எழுதி வாங்குவது என்பதில்தான் நம்மவர்கள் பலர் நாளையும் சம்பளத்தையும் இழக்கிறார்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் ஆகக் குறைந்த நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வீணாகப் போய்வந்த ஒவ்வொரு நாளுக்கும் இழந்த நாட்சம்பளத்தோடு பஸ் காசையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் "இலவச" ஸ்கேனின் விலை தெரியும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஈ.எம்.ஏ. (தோட்ட மருத்துவ உதவியாளர்) இருந்தால் அவரிடமிருந்து தொடங்குவது நல்லது. நோய் எப்போது தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தார் என்று ஒரு கடிதம் எழுதித் தருவார். ஆனால் அந்தக் கடிதம் இல்லாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவம் பார்க்கும் பொறுப்பை 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டங்கள் தோட்டத்தின் தலையில் வைத்தன. துரையின் துண்டோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பழக்கம் அந்தக் காலத்து மிச்சம். 1990களிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்று வருகிறது. வேலை இன்னும் முடியவில்லை, பழக்கமும் போகவில்லை. அடையாள அட்டை இருந்தால் கொண்டுபோங்கள், பதிவு சுலபமாகும். பெயரை ஒரே எழுத்தில் எழுதுவதற்கும் அது உதவும். முத்துலட்சுமி ஒரு துண்டில் லெட்சுமியாகவும் இன்னொன்றில் முத்துவாகவும் இருந்தால் ரிப்போர்ட் தேடும்போது தொல்லை, காப்புறுதிக்குப் போடும்போது அதைவிடத் தொல்லை.

எந்த ஆஸ்பத்திரி? சின்னப் பிரதேச வைத்தியசாலையில் ரேடியோலொஜிஸ்ட் இருக்க மாட்டார். ஆதார வைத்தியசாலை மட்டத்துக்கு வந்தால்தான் கிளினிக்கும் நிபுணர்களும். இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, காவத்தை, எஹலியகொடை, கலவானை ஆகியவை ஆதார வைத்தியசாலைகள். எம்பிலிப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலை. எல்லாவற்றுக்கும் மேலே இரத்தினபுரி போதனா வைத்தியசாலை. கேகாலை மாவட்டத்தில் கரவனெல்லை, மாவனெல்லை, வரக்காப்பொலை, அவற்றுக்கு மேலே கேகாலை போதனா வைத்தியசாலை. தெஹியோவிட்ட, தெரணியகலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குக் கேகாலை டவுன் தூரம்; கரவனெல்லைக்கோ அவிசாவளைக்கோ போவதுதான் அவர்கள் வழக்கம். அவிசாவளை கொழும்பு மாவட்டத்தில் இருக்கிறதே, ஏற்பார்களா என்று தயங்க வேண்டாம். நாட்டில் எந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் யாரும் போகலாம். பஸ் நேரடியாக எங்கே போகிறதோ அதுவே உங்கள் ஆஸ்பத்திரி. ஒரு கிளினிக்கில் பதிந்த பிறகு மட்டும் இடம் மாற்றாமல் தொடருங்கள்.

ஓ.பி.டி. டொக்டரே எக்ஸ்ரே எழுதித் தரலாம். வயிற்று ஸ்கேன் பெரும்பாலும் கிளினிக்கில் எழுதப்படும். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் பொது மருத்துவ நிபுணரோ சத்திரசிகிச்சை நிபுணரோ பார்த்த பிறகுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே "ஸ்கேன் ஒண்ணு எழுதிக் கொடுங்க ஐயா" என்று ஓ.பி.டி.யில் கேட்டு வாதாடுவதில் பயனில்லை. "கிளினிக்குக்குப் போட்டுக் கொடுங்க" என்று கேட்பதில் பயனுண்டு.

இப்போது அந்தத் துண்டு. கிளினிக் டொக்டர் எழுதும் ஸ்கேன் கோரிக்கைப் படிவத்தில் பெயர், வயது, எந்த உறுப்பு என்பதற்குக் கீழே நோய் விபரம் எழுத இரண்டு மூன்று வரி இடம் இருக்கும். ரேடியோலொஜி பிரிவில் உங்களுக்குத் திகதி கொடுக்கும்போது பார்க்கப்படுவது அந்த வரிகள்தாம். இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் "வயிற்று வலி" என்று மட்டும் இருக்கிறது. மற்றதில் "மூன்று மாதமாக வலது மேல் வயிற்றில் வலி, எடை குறைந்துள்ளது, கண் மஞ்சள்" என்று இருக்கிறது. இரண்டு துண்டும் ஒரே ஆளுடையதாகக்கூட இருக்கலாம். முதல் துண்டுக்கு மாதங்கள் கழித்துத் திகதி விழலாம். இரண்டாவதற்கு அந்த வாரமே கூப்பிடலாம். ரேடியோலொஜிஸ்டும் எதைத் தேடுவது என்று தெரிந்து பார்ப்பார்.

நூறு பேர் காத்திருக்கும் கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். டொக்டர் சிங்களத்தில் கேட்கிறார், நமது அம்மா "படே கெக்கும" என்று தெரிந்த இரண்டு சொல்லைச் சொல்லி முடித்துவிடுகிறார். வயிற்று வலி என்பது போய்ச் சேர்ந்துவிட்டது. இரவில் வியர்த்து நனைவதும், சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்ததும் போய்ச் சேரவில்லை. சப்ரகமுவத் தோட்டங்களில் இளையவர்கள் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். வயதானவர்களோடு அவர்களில் ஒருவர் போவது ஸ்கேன் திகதியையே முன்னுக்குக் கொண்டுவரும். ஆள் இல்லாவிட்டால் எப்போது தொடங்கியது, எடை, இரத்தம், காய்ச்சல், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் என்பவற்றைப் பேரப்பிள்ளையைக் கொண்டு சிங்களத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய் மேசையில் வைக்கலாம். தமிழும் அரச கரும மொழிதான், 1987இலிருந்து. ஆனால் வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது அதை எடுத்துச் சொல்லிக்கொண்டு நிற்க எத்தனை பேரால் முடியும்?

துண்டு கையில் வந்ததும் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அன்றே ரேடியோலொஜி பிரிவுக்குக் கொண்டுபோய்த் திகதி போட வேண்டும். கிளினிக் கொப்பிக்குள் ஒரு மாதம் படுத்துக்கிடந்த துண்டு ஒரு மாதம் பிந்திய திகதியைத்தான் வாங்கித் தரும். கொடுக்கப்பட்ட திகதிக்கு முன் வலி கூடினாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ அந்தத் திகதிக்காகக் காத்திருக்காமல் மறுபடி போய்க் காட்டுங்கள். வாட்டில் எடுத்துக்கொண்டால் ஸ்கேன் அங்கிருந்தே நடக்கும். நள்ளிரவு என்றால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிறது, காசு இல்லை. லயத்து வாசல் வரை பாதை இல்லாவிட்டால் பிரதான ரோட்டில் எந்த இடத்துக்கு வரவேண்டும் என்று தெளிவாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

சில படங்களுக்கு இந்தச் சுற்றே தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் இலவசம். கர்ப்பிணித் தாய்மாருக்குக் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நமது மிட்வைப் நோனா, வழிகாட்டுவார். மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்தால் பிரசவத் திகதி சரியாகக் கிடைக்கும். பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்க வேண்டும். அந்த வாரங்கள் போனால் போனதுதான். சுகவனிதையர் கிளினிக் திட்டம் 1996இலிருந்து நடக்கிறது; 35, 45 வயதுப் பெண்களை அழைத்துப் பார்க்கிறார்கள். அங்கே மார்பில் கட்டி தட்டுப்பட்டால் அவர்களே மேலே அனுப்புவார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள் இதற்கு அரைநாள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கங்காணியிடம் காரணம் சொல்லத் தேவையில்லை. கிளினிக் அட்டையைக் காட்டினால் போதும்.

"மெஷின் பழுது, வெளியில் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லப்படும் நாளும் வரும். 2022 நெருக்கடிக்குப் பிறகு நிபுணர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். இருப்பவர்கள் மேல் பாரம் கூடியிருக்கிறது. அந்த நேரத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். வேறு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா? வாட்டில் இருக்கும் நோயாளியை அம்புலன்ஸில் அனுப்பி எடுத்துவரும் வழக்கம் இருக்கிறது. அவசரமா, மாதக் கணக்கில் பொறுக்கலாமா? அனுப்பவும் முடியாது, பொறுக்கவும் முடியாது என்றால், வெளியில் எடுக்கச் சொன்னதை முத்திரையோடு எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு எந்தக் காப்புறுதியும் காசு தராது.

இனித் தனியார் நிலையம். இரத்தினபுரி டவுனிலும் கேகாலையிலும் பலாங்கொடையிலும் பின்னேரங்களில் ஸ்கேன் பார்ப்பவர் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கும் அதே ரேடியோலொஜிஸ்டாக இருக்கலாம். வேலை நேரத்துக்கு வெளியே தனியார் சேவை செய்ய அரசாங்க டொக்டர்களுக்கு அனுமதி உண்டு. எனவே "காசு கொடுத்தால் நல்ல டொக்டர்" என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் முந்திய திகதியைத்தான். ஆனால் ஸ்கேன் மெஷின் இருக்கும் இடமெல்லாம் ரேடியோலொஜிஸ்ட் இருப்பார் என்று நினைக்கக் கூடாது. நம்பர் போடும்போதே கேளுங்கள்: பார்ப்பவர் யார், கதிரியல் நிபுணரா, எந்த நாளில் வருகிறார்? ரிப்போர்ட்டின் அடியில் பெயர், பட்டம், இலங்கை மருத்துவச் சபைப் பதிவு இலக்கம் மூன்றும் இருக்க வேண்டும். பதிவைச் சபையின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். நிலையத்துக்கும் பதிவு வேண்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டியவை. அந்தச் சான்றிதழ் எங்கே என்று கேட்பதில் தவறில்லை. கையெழுத்து இல்லாத ரிப்போர்ட்டைக் கிளினிக் டொக்டர் ஓரமாக வைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னால், இரண்டாவது தடவையும் உங்கள் காசுதான்.

காப்புறுதி இங்கேதான் வருகிறது. தோட்டக் குடும்பம் ஒன்றுக்குள் எத்தனை விதமான காப்புறுதி ஒளிந்திருக்கிறது என்று வீட்டாருக்கே தெரியாது. மகள் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை என்றால், அல்லது மகன் பிரதேச செயலகத்தில் வேலை என்றால், அவர்களுடைய சம்பளத்திலிருந்து மாதாமாதம் அக்ரஹாரக் காப்புறுதிக்குக் கழிக்கப்படுகிறது. தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நடத்தும் திட்டம் அது. கணவன் மனைவி, பிள்ளைகளுக்கு உண்டு. திருமணமாகாத அலுவலரின் பெற்றோருக்கும் இடமுண்டு, வயது நிபந்தனையை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாடசாலை போகும் பிள்ளைக்குச் சுரக்ஷா என்ற மாணவர் காப்புறுதியைக் கல்வி அமைச்சு 2017இல் தொடங்கியது. இடையிடையே நின்று, விதிகள் மாறி வந்த திட்டம் அது. இப்போதைய நிலைமையை அதிபரிடம் கேளுங்கள், படிவமும் பாடசாலையில்தான். சீதாவக்க வலயத்தில் கார்மெண்டுக்குப் போகும் பிள்ளைக்குக் கம்பெனி போட்ட குழுக் காப்புறுதி இருக்கலாம். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பிக்கும் இருக்கலாம். சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரியும், தெரியாவிட்டால் ஆளணிப் பிரிவில் ஒரு கேள்வி.

தோட்டத் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி தோட்டம் அவருக்காக ஈ.டி.எப். என்ற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதம் கட்டுகிறது. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை போன்றவற்றுக்கு அந்த நிதி உதவுகிறது. சாதாரண ஸ்கேனுக்கு அதை நம்பிப் போகாதீர்கள். ஆனால் ஸ்கேனின் முடிவு பெரிய சத்திரசிகிச்சையில் கொண்டுபோய் விட்டால் ஈ.டி.எப். இலக்கம் பெறுமதியானது. ஜனாதிபதி நிதியமும் அப்படியே. முன்பு அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டும்; 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைச் சிகிச்சைக்கு முன்பே கொடுங்கள்.

வேலைத்தளத்தில் விழுந்து எலும்பு முறிந்தால் கதை வேறு. 1934ஆம் ஆண்டிலிருந்து வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலை செய்யும்போது நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு தர வேண்டியவர் தொழில் தருநர். அங்கே எக்ஸ்ரே படம்தான் சாட்சி. ஆஸ்பத்திரியில் "எப்படி விழுந்தீர்கள்?" என்று கேட்கும்போது, வீட்டில் வழுக்கியது என்று யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்லாமல், மலையில் கொழுந்து மூட்டையோடு விழுந்தேன் என்று நடந்ததைச் சொல்லுங்கள். டிக்கட்டில் அது பதிவாக வேண்டும். பிறகு மாற்றுவது கஷ்டம்.

இந்தக் காப்புறுதிகளில் பெரும்பாலானவை, குறிப்பாக வாட்டில் தங்காமல் எடுக்கும் ஸ்கேனுக்கு, கவுண்டரில் அட்டையைக் காட்டி முடிக்கிற மாதிரி அல்ல. நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். சில திட்டங்கள் வாட்டில் ஒரு இரவாவது தங்கினால்தான் தரும். ஆகவே "காப்புறுதியை ஏற்கிற ரேடியோலொஜிஸ்ட்" என்று தேடுவதைவிட, "என் காப்புறுதி இந்த ஸ்கேனுக்குத் தருமா, எவ்வளவு, என்ன தாள் வேண்டும்?" என்று காப்புறுதிக்காரரிடம் முன்கூட்டியே கேட்பதுதான் காசு தரும் கேள்வி. தாள்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே: டொக்டர் எழுதிய கோரிக்கைத் துண்டின் பிரதி, மூலப் பற்றுச்சீட்டு, கையெழுத்திட்ட ரிப்போர்ட்டின் பிரதி, வாட்டில் இருந்திருந்தால் டயக்னோசிஸ் கார்ட், படிவம். ஸ்கேன் நிலையத்தில் கோரிக்கைத் துண்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்குமுன் பக்கத்துக் கடையில் போட்டோக் கொப்பி எடுத்துவிடுங்கள். டொக்டர் எழுதாமல் நீங்களாகப் போய் எடுத்த ஸ்கேனுக்குக் காப்புறுதி தராது. விண்ணப்பிக்கக் கால எல்லை உண்டு, தீபாவளிக்குப் பிறகு பார்ப்போம் என்று வைத்தால் போய்விடும்.

ஸ்கேன் நாளன்று வீணாகத் திரும்பி வருபவர்கள் பலர் தயாரிப்புக் குறையால் வருபவர்கள். வயிற்று ஸ்கேன் என்றால் ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாது. காலைப் பிரட்டுக்கு முன் குடிக்கும் சாயமும் சாப்பாட்டுக் கணக்குத்தான், பாலும் சீனியும் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். அடிவயிறு என்றால் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வரவேண்டும். இறக்குவானையிலிருந்து மலைப்பாதை பஸ்ஸில் அது லேசில்லை; ஆஸ்பத்திரிக்கு வந்து குடித்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். மருந்து ஊசி போட்டு எடுக்கும் சி.டி. என்றால் சிறுநீரகத்துக்கான கிரியட்டினின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்பார்கள். சீனி வருத்தத்துக்கு மெட்போர்மின் குடிப்பவர்கள், முன்பு ஊசிக்கு ஒவ்வாமை வந்தவர்கள், ஆஸ்துமாக்காரர்கள் முன்னதாகவே சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் போகக்கூடாது. தாலி, மூக்குத்தி, மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்றுவதா என்று அறை வாசலில் அழுகிற அம்மாக்கள் உண்டு. வீட்டிலேயே கழற்றி மஞ்சள் கயிறு மட்டும் கட்டி வந்தால் அந்த நெருக்கடி இல்லை. உடம்புக்குள் கம்பி, பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் மூச்சுப் பிடிப்பதுதான் பாதி வேலை. "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை இழுங்கள். "அல்லகென இன்ன" என்றால் அப்படியே பிடியுங்கள். "ஹுஸ்ம அரின்ன" என்றால் விடுங்கள். பாட்டிக்கு இதை முதல்நாள் இரவு சொல்லிக் கொடுத்தால், படம் கலங்கிப்போய் மறுபடி எடுக்கும் வேலை மிச்சம்.

கதிர்வீச்சுப் பயமும் இருக்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் படும் அளவு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்குச் சும்மாவே சில நாட்களில் படும் அளவுதான். வயிற்று சி.டி. என்றால் சில வருடத்து அளவு. தேவை இருந்தால் எடுக்க வேண்டியதுதான், "எதற்கும் ஒரு சி.டி. எடுத்துப் பார்ப்போம்" என்று தானாகப் போய் எடுப்பதற்கல்ல. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரேக்கும் சி.டி.க்கும் முன் சொல்லிவிடுங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர்வீச்சு கிடையாது.

ரிப்போர்ட் எப்போது, எங்கே கிடைக்கும் என்று கேட்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். சில இடங்களில் அது நேரே கிளினிக்குக்குப் போகும், சில இடங்களில் நீங்கள் வந்து வாங்க வேண்டும். வாங்கியதும் பார்மசியில் காட்டி அர்த்தம் கேட்பதோ, கூடலூர் அத்தைக்குப் படம் எடுத்து அனுப்புவதோ கிளினிக் டொக்டரிடம் காட்டுவதற்குச் சமமாகாது. ரிப்போர்ட்டில் "சந்தேகம்", "மேலும் பார்க்கவும்" என்று எழுதியிருந்தால் கிளினிக் திகதி மாதக் கடைசியில் இருந்தாலும் முன்னுக்குப் போய்க் காட்டுங்கள். கிளினிக்கிலிருந்து மஹரகமை அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால், அங்கேயும் பிலிமும் ரிப்போர்ட்டும் மூலப் பிரதியாகவே கேட்பார்கள்.

பிலிமை மடிக்காதீர்கள். லயத்து ஈரத்தில் அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். இப்போது படத்தை சீ.டி. தட்டில் தருகிறார்கள், போனுக்கும் அனுப்புகிறார்கள். போன் மாறும்போது அது போய்விடும், வீட்டில் இன்னொருவர் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது பழைய படத்தையும் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். போன வருடம் இரண்டு சென்டிமீட்டராக இருந்த கட்டி இப்போது எவ்வளவு என்று ரேடியோலொஜிஸ்ட் ஒப்பிட்டுச் சொல்ல வேறு வழியில்லை.